‘ஊடுருவாத’ என்னும் எச்சம்: தொடக்கநிலை மார்பகப் புற்றின் பெயரும் அது விளைக்கும் அச்சமும்

ஆய்வுச்சுருக்கம்

மார்பகப் பால்நாளத்துக்குள்ளேயே அடங்கியிருந்து, சுற்றியுள்ள திசுவுக்குள் நுழையாத செல் மாற்றத்தை மருத்துவம் ‘டக்டல் கார்சினோமா இன் சிட்டு’ என்று அழைக்கிறது. சுருக்கமாக டி.சி.ஐ.எஸ். எனப்படும் இந்நிலையால் இறப்பவர் மிகச் சிலர். ஆயினும் இதனைக் கேட்கும் பெண்கள் அடையும் அச்சம் பெரிது. அவ்வச்சத்துக்கு உடலின் நிலையோடு பெயரின் அமைப்பும் காரணமாகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நோயை உருவகமின்றிக் காணவேண்டும் என்ற சூசன் சொன்டாக்கின் வாதம் இங்கு எவ்விடத்தில் தடைப்படுகிறது என்பதும், ‘ஊடுருவாத புற்றுநோய்’ என்னும் தமிழ்த்தொடர் காலத்தை மறைப்பதால் நேரும் விளைவும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மார்பகப் புற்று, டி.சி.ஐ.எஸ்., நோய் எடுத்துரைப்பு, உருவகம், எதிர்மறைப் பெயரெச்சம், மருத்துவக் கலைச்சொல்

முன்னுரை

கைக்குத் தட்டுப்படும் கட்டி இல்லை; வலி இல்லை; தோலில் மாற்றமும் இல்லை. மேமோகிராம் படத்தில் மட்டும் பொடிமணல் தூவியதுபோலச் சில வெண்புள்ளிகள் தெரிகின்றன. அவை சுண்ணாம்புச் சத்துப் படிவுகள். ஊசியால் திசு எடுத்துச் சோதித்தபின் அப்பெண்ணிடம் இரு செய்திகள் ஒன்றாகச் சொல்லப்படுகின்றன. இது புற்றுநோய் என்பது முதற்செய்தி. இது நாளத்தைத் தாண்டவில்லை, இதனால் உயிருக்கு ஆபத்து நேர்வது அரிது என்பது இரண்டாம் செய்தி. முதற்செய்தி விழுந்த காதில் இரண்டாவது எளிதில் விழுவதில்லை.

மேமோகிராம் பரவலாவதற்கு முன் டி.சி.ஐ.எஸ். அரிதாகவே கண்டறியப்பட்டது. இன்று அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இந்தப் பெயரைக் கேட்கின்றனர்; பரிசோதனைத் திட்டங்கள் வழியே வெளிப்படும் மார்பகப் புற்றுகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இவ்வகையினது. ஸ்டீவன் நரோடும் அவருடைய குழுவினரும் 1,08,196 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, டி.சி.ஐ.எஸ். கண்டறியப்பட்டு 20 ஆண்டுகளுக்குள் மார்பகப் புற்றால் இறந்தோர் 3.3 விழுக்காட்டினர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் அறுவை செய்துகொண்டவர்கள் என்பதையும் உடன் நினைவிற் கொள்ளவேண்டும்.

இந்த எண்ணுக்கும் மனநிலைக்கும் இடையே உள்ள தொலைவே இக்கட்டுரைக்குரிய சிக்கல். ஆன் பார்ட்ரிட்ஜும் அவருடைய குழுவினரும் டி.சி.ஐ.எஸ். கண்டறியப்பட்ட 487 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், தமக்கு வந்தது உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவ மிதமான அளவிலேனும் வாய்ப்புண்டு என்று கருதியோர் 28 விழுக்காட்டினர். நாளத்தைத் தாண்டாத நிலையில் அது வேற்றுறுப்புக்குச் செல்ல வழியில்லை. காலப்போக்கில் பதற்றம் தணிந்தது. ஆபத்தைப் பற்றிய மிகைமதிப்பீடு அந்த அளவுக்குத் தணியவில்லை. பதற்றம் மிகுந்தோரிடமே மிகைமதிப்பீடும் மிகுந்திருந்தது. ஆஸ்திரேலியப் பெண்களுடன் உரையாடி டி மார்கனும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் எழுதிய கட்டுரை, ‘எனக்குப் புற்றுநோய் இருக்கிறதா, இல்லையா’ என்ற பொருள்படும் பெண் குரல் ஒன்றையே தலைப்பாகக் கொண்டது. அறியாமையின் கேள்வி என்று அதனைத் தள்ளிவிட முடியாது. நோயியல் வல்லுநரிடமும் அதற்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை.

சிகிச்சையும் இக்குழப்பத்தைப் பெருக்குகிறது. ஊடுருவிய புற்று சிறியதாக இருப்பின் கட்டியை மட்டும் நீக்கி மார்பகத்தைக் காக்கலாம். டி.சி.ஐ.எஸ். நாளங்களின் வழியே மார்பகம் முழுதும் விரவியிருப்பின் மார்பகத்தையே நீக்க நேரிடும். ‘ஆபத்தில்லாதது’ என்று சொல்லப்பட்ட ஒன்றுக்காக மார்பகத்தை இழக்கும் பெண், பெற்ற ஆறுதலையும் செய்துகொண்ட அறுவையையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது? பிரிட்டனில் பியோனா கென்னடி, டயானா ஹார்கோர்ட், நிக்கோலா ரம்சி ஆகியோர் நிகழ்த்திய நேர்காணல் ஆய்வு, பிறர் கண்ணுக்கும் அறிவுக்கும் புலப்படாத நிலை என்பதை இப்பெண்களின் அனுபவத்தில் முதன்மையான கூறாகக் காட்டுகிறது. ‘நல்லவேளை, முளையிலேயே கிள்ளியாயிற்று’ என்று சுற்றத்தார் சொல்லும்போது, அழுவதற்கும் உரிமை இல்லாததுபோல ஆகிவிடுகிறது.

பெயர் பிறந்த சூழல்

‘கார்சினோமா இன் சிட்டு’ என்ற தொடரை 1932-இல் வழங்கியவர் மேயோ மருத்துவமனையின் நோயியல் அறிஞர் ஆல்பர்ட் பிராடர்ஸ். நுண்ணோக்கியில் பார்க்கையில் இச்செல்கள் புற்றுச்செல்களின் தோற்றத்தையே கொண்டுள்ளன. அடித்தளச் சவ்வைக் கடந்து செல்லும் செயல் மட்டும் அவற்றிடம் இல்லை. தோற்றத்தால் புற்று, செயலால் புற்றன்று. இரண்டில் எதனைக் கொண்டு பெயரிடுவது என்ற வினாவுக்குப் பிராடர்ஸ் தோற்றத்தைத் தேர்ந்து, செயலின்மையை ‘இருந்த இடத்தில்’ எனப் பொருள்படும் இலத்தீன் அடையாக இணைத்தார். பெயர்ச்சொல் முழு வலிமையோடு நிற்க, அதனைத் தணிக்கும் பொறுப்பு அயல்மொழி அடையிடம் விடப்பட்டது. நோயியல் அறிஞர்களுக்குள் வழங்கும்வரை இதனால் தீங்கில்லை. அவர்கள் அடையைப் படிக்கத் தெரிந்தவர்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் மேமோகிராம் இப்பெயரை இலத்தீன் அறியாத இலட்சக்கணக்கான பெண்களிடம் கொண்டுசேர்த்தபோது, அவர்களுக்குப் புரிந்தது முதற்சொல் ஒன்றே.

முதற்சொல்லும் வெறும் குறியீடன்று. ‘கார்சினோமா’ நண்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. மார்பகக் கட்டியைச் சுற்றிப் புடைத்தெழும் நாளங்களை நண்டின் கால்களோடு காலன் ஒப்பிட்டுள்ளார். கால்கள் எதுவும் வெளியே நீளாத ஒன்றுக்கும் அந்த நண்டின் பெயரே இடப்பட்டது.

சொன்டாக்கின் வாதமும் அதன் எல்லையும்

சூசன் சொன்டாக் 1975-இல் மார்பகப் புற்றுக்கு ஆளானார். 1978-இல் வெளிவந்த ‘நோய் உருவகமாக’ என்னும் அவரது நூல் தம் நோயைப் பற்றி ஒரு சொல்லும் கூறாதது. காசநோயும் புற்றுநோயும் எவ்வெவ்வாறு கற்பனைச் சுமை ஏற்றப்பட்டன, அச்சுமை நோயாளியை எவ்வாறு குற்றவாளியாக்குகிறது என்பதே அந்நூலின் பொருள். நோயாளியிடம் நோயின் பெயரை மறைக்கும் மருத்துவ வழக்கத்தையும் அவர் கடிந்தார். உருவகங்களைக் களைந்து, நோயை நோயாக மட்டும் காண்பதே உண்மைக்கு நெருக்கமானது என்பது அவர் முடிவு. தம் அனுபவத்தை அவர் வெளிப்படையாகப் பேசியது ‘எய்ட்சும் அதன் உருவகங்களும்’ (1989) நூலில்தான்.

ஊடுருவிய புற்றைப் பொறுத்தவரை இவ்வாதம் இன்றும் வலிமை குன்றாதது. டி.சி.ஐ.எஸ்.-இல் அது ஒரு முட்டுச்சந்தை அடைகிறது. உருவகங்களைக் களைந்தால் எஞ்சுவது மருத்துவப் பெயர் என்பது சொன்டாக் எடுத்துக்கொண்ட அடிப்படை. இங்கு மருத்துவப் பெயரே உருவகமாக நிற்கிறது. நண்டை மட்டும் சுட்டி இது சொல்லப்படவில்லை. சொற்பிறப்பில் உறங்கும் உருவகங்கள் எல்லா மொழியிலும் உள்ளன, அவற்றால் எவரும் அஞ்சுவதில்லை. ‘கார்சினோமா’ என்ற பெயர் இந்தச் செல்களின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு முடிவைச் சொல்கிறது. இவ்வகைச் செல்களுள் சில பின்னர் ஊடுருவும். சில வாழ்நாள் முழுதும் அசையாதிருக்கும். எவை எவ்வாறு என்று உறுதியாகப் பிரித்தறியும் வழி இன்னும் இல்லை. அறியப்படாத ஒன்றை அறியப்பட்டதுபோல் உரைக்கும் பெயர், அறிவியல் உடை அணிந்த கற்பனையே ஆகும்.

சொன்டாக் இதற்கான கருவியையும் தம் நூலிலேயே விட்டுச்சென்றுள்ளார் என்பது கவனிக்கத்தக்கது. புற்றுநோய்ப் பேச்சின் ஆளும் உருவகம் போர் என்று காட்டும் இடத்தில், ‘ஊடுருவும்’ என்ற மருத்துவ அடைமொழியையே அவர் முதற்சான்றாக எடுக்கிறார். அவ்வாறாயின் ‘ஊடுருவாத’ என்பது போர்மொழியின் மறுப்பு வடிவம். எதிரி இன்னும் எல்லை தாண்டவில்லை என்று அறிவிக்கும் சொல், எதிரி இருக்கிறான் என்பதையும் சேர்த்தே அறிவிக்கிறது. சொன்டாக் இந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. அவர் எழுதிய ஆண்டுகளில் இந்நிலை பரவலாகக் கண்டறியப்படவில்லை என்பதால் அதனைக் குறையாகக் கொள்ளவும் இயலாது.

நலமுற்றோர் உலகு, நோயுற்றோர் உலகு என இரண்டையும் பிரித்து, ஒவ்வொருவரும் இரண்டிலும் குடியுரிமை உடையவர் என்பதாக அவர் நூலைத் தொடங்குவது பலரும் அறிந்ததே. அவ்வமைப்பில் எல்லைக்கோட்டின்மேல் நிற்பவளுக்கு இடமில்லை. ஆர்தர் பிராங்க் ‘காயமுற்ற கதைசொல்லி’ (1995) நூலில் நோய் எடுத்துரைப்புகளை மீட்சி, குழப்பம், தேடல் என மூன்று வகைப்படுத்துகிறார். மூன்றுமே நோயுற்றதில் தொடங்குபவை. நோயுற்றேனா என்பதே தெரியாதவளின் கதை எந்த வகையிலும் முழுமையாகப் பொருந்தவில்லை. தமிழ்த் திரையும் இவ்வகையில் வேறுபட்டதன்று. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தில் புற்றுநோயாளி பிழைக்கிறார், மருத்துவர் இறக்கிறார். கதை திசைமாறினாலும் உயிர், சாவு என்ற இரு முனைகளுக்கு வெளியே அது செல்லவில்லை.

நான்சி ரீகனின் அறுவை

இந்நிலை பொதுவெளியில் பெரிதாகப் பேசப்பட்ட நிகழ்வுகளுள் ஒன்று 1987 அக்டோபரில் நேர்ந்தது. அமெரிக்க அதிபரின் துணைவியார் நான்சி ரீகனுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் மேமோகிராமில் ஐயத்துக்குரிய புள்ளி தென்பட்டது. அக்டோபர் 17-இல் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் திசுச் சோதனை நிகழ்ந்தது. புற்றெனத் தெரிந்தால் தம்மை எழுப்பாமல் உடனே மார்பகத்தை நீக்கிவிடுமாறு அவர் முன்கூட்டியே கூறியிருந்தார். அவ்வாறே நீக்கப்பட்டது. கண்டறியப்பட்டது நாளத்துக்குள் அடங்கிய, ஊடுருவாத சிறு புற்று. ஒன்பது நாள் கழித்து அவருடைய தாயார் இறந்தார்.

கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளித்தாலும் உயிர்வாழும் காலம் குறைவதில்லை என்று பெர்னார்ட் பிஷர் குழுவின் ஆய்வு 1985-இலேயே ஊடுருவிய புற்றுக்குக் காட்டியிருந்தது. எனவே அதிபர் துணைவியாரின் தேர்வு பிற பெண்களுக்குத் தவறான முன்மாதிரி என்று கண்டனம் எழுந்தது. ‘என் முறை’ (1989) என்னும் தன்வரலாற்றில் அவர் இக்கண்டனத்தால் புண்பட்டதைப் பதிவுசெய்து, முடிவு தமக்கு மட்டும் உரியது என்று வாதிடுகிறார். ஆன் நாட்டிங்கரும் குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, கண்டனம் செய்தோரின் அச்சத்துக்கு ஆதாரம் தந்தது. அறுவைச் செய்தி பரவிய அடுத்த மாதங்களில், மார்பகம் காக்கும் அறுவையைப் பெண்கள் தேரும் வாய்ப்பு முந்தைய காலாண்டைவிட 25 விழுக்காடு குறைந்தது. பின்னர் மீண்டும் உயர்ந்தது.

இந்நிகழ்வைத் தன்னுரிமைக்கும் பொதுப்பொறுப்புக்கும் இடையிலான மோதலாக வாசிப்பதே வழக்கம். அவ்வாசிப்பு போதாது. மயக்கநிலைக்குச் செல்லுமுன் அவர் எடுத்த முடிவு, ‘புற்றா, இல்லையா’ என்ற ஒரே வினாவின்மேல் கட்டப்பட்டது. அவ்வினாவுக்கு நுண்ணோக்கி ‘ஆம்’ என்று விடை தந்தது. பெயர் அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. ‘எவ்வகைப் புற்று’ என்ற இரண்டாம் வினாவை எழுப்ப அந்த அறுவை அறையில் விழித்திருந்த நோயாளி இல்லை. செய்தி கேட்ட பெண்களுக்கும் போய்ச் சேர்ந்தது ‘ஆம்’ மட்டுமே. 1974-இல் பெட்டி போர்டு தம் மார்பக நீக்கத்தை வெளிப்படையாக அறிவித்தது மௌனத்தை உடைத்த செயலாகப் போற்றப்படுகிறது, அது தகும். ஆனால் நிணநீர்க் கணு வரை சென்ற போர்டின் நோயும், நாளத்தைத் தாண்டாத ரீகனின் நிலையும் ஒரே பெயரால் அறிவிக்கப்பட்டபோது, மௌனத்தை உடைப்பது மட்டும் தெளிவைத் தந்துவிடாது என்பது புலனாயிற்று.

மார்பக நீக்கத்துக்குப்பின் பெண்கள் ஒருவரையொருவர் அடையாளம் காணவேண்டும், பொய்மார்பு அணிந்து மறைந்துவிடக்கூடாது என்று ‘புற்றுநோய் நாட்குறிப்புகள்’ (1980) நூலில் ஆட்ரி லார்ட் கோரினார். டி.சி.ஐ.எஸ்.-க்காக மார்பகம் இழந்தவளுக்கு இந்த அழைப்பு பாதியே பொருந்தும். தழும்பு அதே தழும்பு. அதன்பின் நிற்கும் இறப்பச்சத்தை உரிமையோடு பேச அவளால் இயலவில்லை. பார்பரா எரன்ரைக் 2001-இல் ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில் இளஞ்சிவப்பு நாடாப் பண்பாட்டையும் அதன் கட்டாய மகிழ்ச்சியையும் எள்ளிநகையாடினார். அக்கூடாரத்தில் ‘பிழைத்தவர்’ என்ற பட்டம் கிடைக்கும். எதிலிருந்து பிழைத்தோம் என்று கேட்கும் பெண்ணுக்கு அங்கு நாற்காலி இல்லை.

பெயரை மாற்றும் முயற்சி

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2009-இல் கூட்டிய மாநாட்டின் அறிக்கை, பதற்றம் விளைக்கும் ‘கார்சினோமா’ என்ற சொல்லை இந்நிலையின் பெயரிலிருந்து நீக்குவதை எண்ணிப்பார்க்குமாறு கூறியது. 2013-இல் லாரா எசர்மன், இயன் தாம்சன், பிரையன் ரீட் ஆகியோர் மெல்ல வளரும் அல்லது வளராத மாற்றங்களுக்குத் தனிப் பெயர்வகையை முன்மொழிந்தனர். அதே ஆண்டு ஓமரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனை, சொல்லின் ஆற்றலை எண்ணால் காட்டியது. டி.சி.ஐ.எஸ். வந்திராத 394 பெண்களுக்கு ஒரே நிலை மூன்று பெயர்களால் விளக்கப்பட்டது. ‘ஊடுருவாத புற்றுநோய்’ என்றபோது 47 விழுக்காட்டினர் அறுவையைத் தேர்ந்தனர். ‘மார்பகப் புண்மாற்றம்’ என்ற பொருள்படும் சொல்லுக்கு 34 விழுக்காடு. ‘இயல்பு மாறிய செல்கள்’ என்றபோது 31 விழுக்காடு. நோயும் ஆபத்தும் மாறவில்லை. மாறியது பெயர்.

இச்சோதனையில் பங்குபெற்றோர் நோயாளிகள் அல்லர். கற்பனை நிலையில் கத்தியை மறுப்பது எளிது. இதைவிட வலிய மறுப்பு ஒன்றும் உண்டு. நரோடின் அதே ஆய்வில் 35 வயதுக்குக் கீழ் கண்டறியப்பட்டோரின் இறப்பு 7.8 விழுக்காடு, கறுப்பினப் பெண்களிடம் 7.0 விழுக்காடு. இவர்களிடம் ‘வெறும் செல் மாற்றம்’ என்பது ஆறுதல் போர்த்திய ஏமாற்றாகிவிடக்கூடும். பெயர் மாற்றம் சொன்டாக் கண்டித்த பழைய மறைப்பின் புதிய உருவமே என்று வாதிடுவோர் இந்த இடத்தில் நிற்கின்றனர்.

அவர்கள் கவலை நேர்மையானது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. பழைய மருத்துவர் தாம் அறிந்ததை நோயாளியிடமிருந்து மறைத்தார். இங்கு மருத்துவரும் அறியாதது ஒன்று உள்ளது. அதனை அறிந்ததாகக் காட்டும் பெயரைக் கைவிடுவது மறைப்பாகாது. ஆனால் அறியாமையின் அளவையும் உடன் சொல்லவேண்டும். முன்மொழியப்பட்ட மாற்றுப்பெயர்கள் இவ்விடத்தில் பிழை செய்கின்றன. ‘சோம்பல்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கும்படி எசர்மன் குழு ஒட்டவைத்த முதலெழுத்துப் பெயர், பழைய பெயர் அச்சத்தின் பக்கம் சாய்ந்த அளவுக்கே நம்பிக்கையின் பக்கம் சாய்கிறது. பெயர்கள் எளிதில் இறப்பதும் இல்லை. பால்மடல்களில் தோன்றும் இதன் உறவுநிலையை அமெரிக்கப் புற்றுநோய் வகைப்பாட்டின் எட்டாம் பதிப்பு புற்று நிலைகளின் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. அதன் பெயரில் ‘கார்சினோமா’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் இப்பெயர்

இந்தியாவில் மக்கள்தொகை அளவிலான மேமோகிராம் திட்டம் இல்லை. கட்டி கைக்குத் தெரிந்தபின் மருத்துவரிடம் செல்வதே பெரும்பான்மை வழக்கம் என்பதால் டி.சி.ஐ.எஸ். இங்குக் குறைவாகவே வெளிப்படுகிறது. நகரத் தனியார் மருத்துவமனைகளின் முழுவுடல் பரிசோதனைத் தொகுப்புகளில் மேமோகிராம் இடம்பெறத் தொடங்கியபின் இந்நிலை மாறிவருகிறது. 1988 முதல் தேசியப் பரிசோதனைத் திட்டம் நடக்கும் பிரிட்டனிலும், 2002-இல் திட்டம் தொடங்கியதும் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றானதுமான சிங்கப்பூரிலும் வாழும் தமிழ்ப் பெண்களுக்கு இது ஏற்கெனவே வாழ்வுச் சிக்கல். ஆகவே இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்பது ஏட்டளவான வினாவன்று.

‘புற்று’ என்ற சொல் நண்டைப் போலத் தொலைவில் உறங்கும் உருவகமன்று. தமிழறிந்தோர் அனைவரும் கண்டது. கரையான் புற்றில் வெளியே தெரிவது குன்று; அஞ்சத்தக்கது உள்ளே ஓடும் கண்காணா வழிகள். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்ற பழமொழி, புற்றைக் கண்டதும் கட்டியவரை விட்டுக் குடிபுகப்போவதை எண்ணும் மனப்பழக்கத்தைக் காட்டுகிறது. டி.சி.ஐ.எஸ்.-ஐப் புற்று என்று சொல்லும்போது, பாம்பு இல்லாத புற்றென்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பவர் மனம் புற்றுக்கண்ணையே பார்த்திருக்கும்.

‘ஆரம்பநிலைப் புற்றுநோய்’ என்பது பெருவழக்கான தமிழ்த்தொடர். ஊடுருவிய சிறு கட்டிக்கும் ஊடுருவாத நிலைக்கும் அது வேறுபாடின்றி வழங்குகிறது. ‘ஆரம்பம்’ என்றாலே தொடர்ச்சி உண்டு. ஒன்றாம் படியில் நின்றவள் ஏறாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு அச்சொல் இடம் தருவதில்லை. ‘புற்றுக்கு முந்தைய நிலை’ என்பதும் பிந்தையதை உறுதிசெய்துவிடுகிறது. ‘பூச்சிய நிலை’ என்பது எண்களில் பழகியோருக்கு விளங்கும். இல்லாத ஒன்றுக்கு ஏன் அறுவை என்ற கேள்வியை அது எழுப்பும்.

‘ஊடுருவாத புற்றுநோய்’ என்பதே மூலத்துக்கு மிக நெருங்கியது. அதன் இடர் இலக்கணத்தில் உள்ளது. ‘ஊடுருவாத’ என்பது எதிர்மறைப் பெயரெச்சம். உடன்பாட்டில் ஊடுருவிய, ஊடுருவுகின்ற, ஊடுருவும் என்று மூன்று காலமும் வேறுவேறு உருவம் பெறுகின்றன. எதிர்மறையில் மூன்றும் ஒரே உருவில் கரைந்துவிடுகின்றன. இதுவரை ஊடுருவவில்லை, இப்போது ஊடுருவிக்கொண்டிருக்கவில்லை, இனியும் ஊடுருவாது என்ற மூன்று பொருளுக்கும் அந்த ஓரெச்சமே இடம் தருகிறது. மருத்துவர் அறிந்தது முதலிரண்டு. பெண் அறிய விழைவது மூன்றாவது. ‘கதவு திறக்காத வீடு’ என்றால் பூட்டிய வீடா, திறக்கவே முடியாத வீடா என்பது சூழலால் விளங்கும். நோய்ப்பெயருக்கு அத்தகைய சூழல் வாய்ப்பதில்லை. நம்பிக்கை மிகுந்தவள் அதனை ‘ஊடுருவவே ஊடுருவாது’ என்று கேட்கிறாள். அச்சம் மிகுந்தவள் ‘இன்னும் ஊடுருவவில்லை’ என்று கேட்கிறாள். ஒரே அறிக்கையைக் கேட்ட இருவர் இரு வேறு செய்தியோடு வீடு திரும்புவதற்கு அவர்கள் மனவலிமை மட்டும் காரணமன்று. போதாக்குறைக்கு, ‘ஊடுருவல்’ என்பது எல்லைப்புறச் செய்திகளால் நாளிதழ் வாசகருக்குப் பழகிய சொல்லாகவும் உள்ளது.

‘இதுவரை ஊடுருவியிராத’ என்று விரித்தால் காலம் வெளிப்படும். கூடவே ‘இதுவரை’ ஒரு கெடுவாக ஒலிக்கும். ‘பால்நாளத்துக்குள் அடங்கியுள்ள இயல்பு மாறிய செல்கள்’ என்ற விளக்கத்தொடர் நீளமானது. எனினும் காலம், இடம் இரண்டையும் காட்டுவது, எதிர்காலத்தைப் பற்றி வாக்குறுதி தராதது. எவருக்கு, எந்தத் தரத்தில் அது வெளியே வரக்கூடும் என்பதை அடுத்த வாக்கியத்தில் தனியே சொல்ல அது இடம் விடுகிறது. உயர்தர மாற்றமுடைய இளம்பெண்ணுக்கு அந்த இரண்டாம் வாக்கியம் அழுத்தமாக இருக்கவேண்டும்; குறைந்த தர மாற்றமுடைய முதியவருக்கு வேறாக இருக்கும். ஒரே பெயர் இருவருக்கும் ஒரே தீர்ப்பை வழங்குவதைவிட இது மேல். ‘புற்றுநோய்தான், ஆனால் பயப்பட வேண்டாம்’ என்ற வகையில் அமையும் வாக்கியத்தில் ‘தான்’ என்னும் தேற்றம் விழுந்தபின் ‘ஆனால்’ எதையும் மீட்பதில்லை.

சிகிச்சைத் தெரிவுகள் விரியும்போது இச்சிக்கலும் விரியும். ஷெல்லி ஹுவாங் தலைமையில் குறைந்த ஆபத்துடைய டி.சி.ஐ.எஸ். கொண்ட 957 பெண்களிடம் நிகழ்ந்து 2024 இறுதியில் வெளியான ‘காமெட்’ ஆய்வில், உடனடி அறுவைக்கு ஒதுக்கப்பட்டோருள் 5.9 விழுக்காட்டினருக்கும், அறுவையின்றித் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்ட பிரிவில் 4.2 விழுக்காட்டினருக்கும் இரண்டாண்டுக்குள் ஊடுருவிய புற்று கண்டறியப்பட்டது. பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றிலும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒத்தே இருந்தனர். இரண்டாண்டு சிறு காலம்; பத்தாண்டு முடிவு வேறாக இருக்கலாம். எனினும் உடலில் விட்டுவைப்பதே பெண்ணைக் கலங்கடிக்கும் என்ற பொதுநம்பிக்கைக்கு இதில் சான்று கிடைக்கவில்லை. இத்தெரிவைத் தமிழில் ‘தீவிரக் கண்காணிப்பு’ என்று பெயர்க்கும் ஆர்வம் எவருக்கும் எழும். கண்காணிக்கப்படுவோர் நம் வழக்கில் ஐயத்துக்குரியோர். அவரவர் உடலையே ஐயத்துக்குரியதாக்கும் சொல் அது. ‘கவனித்து வருதல்’ என்பதில் ‘வா’ என்னும் துணைவினை, முடிவு தெரியாத தொடர்காலத்தைத் தன்னியல்பாகவே ஏற்று நிற்கிறது.